தரையில் சொட்டு இல்லை, கூலன்ட் மட்டும் குறைகிறது

உங்கள் பழைய காரில் 10 நாளுக்கு ஒருமுறை அரை லிட்டர் கூலன்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) ஊற்றுகிறீர்கள், வண்டிக்கு அடியில் ஈரமே இல்லை, ஓட்டி நிறுத்தினால் இனிப்பு வாடை வருகிறது என்கிறீர்கள். சூடான இன்ஜின் மேல் கசிந்து, தரைக்கு வருமுன் ஆவியாகிறது என்று தோன்றுகிறது. அதற்குள் ஹெட் கேஸ்கெட் (இன்ஜின் பிளாக்குக்கும் அதன் மேல்பகுதிக்கும் நடுவில் இருக்கும் சீல்) போய்விட்டது என்று பயப்பட வேண்டாம்.

இன்ஜின் முழுக்க ஆறியபின் ரேடியேட்டர் மூடியைக் கழற்றி (சூட்டில் திறந்தால் முகத்தில் பீய்ச்சும்), பிரஷர் டெஸ்டரை (அழுத்தம் காட்டும் முள் உள்ள கைப் பம்ப்) மாட்டி, மூடியில் போட்டிருக்கும் அழுத்தம் வரை பம்ப் செய்து 20 நிமிடம் விடுங்கள். முள் இறங்கினால் டார்ச்சோடு தேடுங்கள். காய்ந்த கூலன்ட் வெள்ளையாகவோ அதன் சாய நிறத்திலோ பொருக்குத் தட்டியிருக்கும். பழைய வண்டி என்பதால் என் முதல் சந்தேகம், ரேடியேட்டரின் பிளாஸ்டிக் டேங்கும் அலுமினியமும் சேரும் விளிம்பு. அடுத்தது வாட்டர் பம்பின் சின்னக் கசிவுத் துளை; அங்கே கறை இருந்தால் உள்ளே சீல் போய்விட்டது, பம்பையே மாற்ற வேண்டியதுதான். என் வண்டியில் இரண்டு மாதம் அலைக்கழித்தது, இன்ஜினுக்குப் பின்னால் கண்ணுக்குத் தெரியாத ஹீட்டர் ஹோஸ் கிளாம்ப்! முன் சீட்டுக் கார்பெட்டையும் தொட்டுப் பாருங்கள். பிசுபிசுத்தால் கசிவது ஹீட்டர் கோர் (காருக்குள் சூடு தரும் குட்டி ரேடியேட்டர்).

முள் அசையவே இல்லையா? மூடியைத் தனியாகச் சோதியுங்கள். அதுவும் சரி என்றால் அப்புறம் ஹெட் கேஸ்கெட்டுக்குப் போகலாம்.

கசிவை அடைக்கும் பவுடர் மட்டும் வேண்டாம். ஹீட்டர் கோரை அடைத்துவிடக்கூடும்.