கருவாட்டுக் குழம்பில் மொச்சை இருக்கட்டும்

கேள்வி: பெரம்பூரில் 140 வீடுகள் உள்ள குடியிருப்பில் இருக்கிறோம். அப்பாவுக்குச் சர்க்கரை, கணவருக்குக் கொலஸ்ட்ரால் என்று ஆனபிறகு வீட்டில் பயறு வகைகளைக் கூட்டினேன். நல்ல மாற்றம் தெரிகிறது. நம் சென்னையே இப்படிச் சாப்பிட்டால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று தோன்றியது. 'திங்கள்கிழமை அசைவம் வேண்டாம், பயறு சாப்பிடுவோம்' என்று எங்கள் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். பெரிய சண்டையாகிவிட்டது. "எங்க தட்டுல கை வைக்காதீங்க" என்று கீழ்வீட்டு அக்கா சொன்னது இன்னும் உறுத்துகிறது. நானே மீன் சாப்பிடுகிறவள்தான். நான் செய்தது தப்பா? விட்டுவிடலாமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, சென்னை

பதில்: விட்டுவிடாதீர்கள். நீங்கள் ஆசைப்பட்டது நல்ல விஷயம், சொன்ன விதத்தில்தான் சிக்கல். அந்த அக்காவின் கோபத்தையும் நான் தப்பு சொல்ல மாட்டேன். நம் ஊரில் ஒருவர் என்ன சாப்பிடுகிறார் என்பதை வைத்து அவர் என்ன ஆள் என்று எடைபோடுகிற பழக்கம் இன்னும் சாகவில்லை. அசைவம் சமைப்பவர்களுக்கு வீடு கிடையாது என்று வாசலிலேயே திருப்பி அனுப்பப்பட்டவர்கள் இதே சென்னையில் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். இதையெல்லாம் பார்த்து வளர்ந்தவரிடம் 'திங்கள்கிழமை கறி வேண்டாம்' என்றால், உங்கள் மனதில் அப்பாவின் சர்க்கரை மட்டும்தான் இருந்தது என்று அவருக்கு எப்படித் தெரியும்? முதல் வேலையாக அவர் வீட்டுக்குப் போய் அதைச் சொல்லிவிடுங்கள். வாட்ஸ்அப்பில் வேண்டாம், நேரில்.

அடுத்தது, கறியைக் குறைக்கச் சொன்னதே நமக்குப் பொருந்தாத பேச்சு. திங்கள்கிழமை இறைச்சி வேண்டாம் என்கிற இயக்கம் 2003இல் அமெரிக்காவில் தொடங்கியது. அங்கே ஒரு ஆளுக்கு ஆண்டுக்கு 100 கிலோவுக்கு மேல் இறைச்சி போகிறது, அதனால் அவர்கள் குறைக்கச் சொல்கிறார்கள், நியாயம்தான். இந்தியாவின் சராசரி அதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. தமிழ்நாட்டில் 97 சதவீதத்துக்கு மேல் அசைவம் சாப்பிடுகிறவர்கள் என்று 2014ஆம் ஆண்டின் அரசுக் கணக்கு சொல்கிறது, ஆனால் பெரும்பாலான வீடுகளில் அது ஞாயிற்றுக்கிழமை கறியும் நடுவில் ஒருநாள் மீனும் இரண்டு முட்டையும்தான். நம் தட்டை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது சோறு. காலையில் இட்லி, மதியம் சோறு, ராத்திரி தோசை, எல்லாமே அரிசி, ஓரத்தில் ஒரு கரண்டி சாம்பார்.

ஹைதராபாத்தில் இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட வழிகாட்டியில், 2000 கலோரி சாப்பிடுகிற ஒருவருக்கு நாளைக்கு 250 கிராம் தானியம், 400 கிராம் காய்கறி, பருப்பு–பயறு–முட்டை–இறைச்சி எல்லாம் சேர்த்து 85 கிராம் என்று கணக்கு கொடுத்திருக்கிறார்கள் (எல்லாம் சமைக்காத எடை). இப்போது நம் ரேஷன் கடையைப் பாருங்கள். கார்டுக்கு மாதம் ஒரு கிலோ துவரம்பருப்பு, 30 ரூபாய்க்கு. நல்ல திட்டம், அது இல்லாவிட்டால் பல வீடுகளில் சாம்பாரே இருக்காது. ஆனால் நாலு பேர் வீட்டில் அதைப் பகிர்ந்தால் ஆளுக்கு நாளைக்கு எட்டு கிராம்தான் வருகிறது. எட்டு கிராம் என்றால் இரண்டு டீஸ்பூன். அதற்கு மேல் கடையில் வாங்குகிற வீடுகள்கூட 85 கிராமைத் தொடுவது கஷ்டம்.

ஆக, நீங்கள் உங்கள் குடியிருப்பில் கேட்க வேண்டியது எதையும் விடச் சொல்லி அல்ல. சோற்றின் இடத்தில் ஒரு கைப்பிடியைப் பயறுக்குக் கொடுங்கள் என்றுதான். இதற்குப் புதிதாக எதையும் கற்றுக்கொள்ளவும் வேண்டாம், சைவத்துக்கு மாறவும் வேண்டாம். எங்கள் அம்மா கருவாட்டுக் குழம்பு வைத்தால் கத்தரிக்காயோடு ஊறவைத்த மொச்சையும் போடுவார், நாங்கள் கருவாட்டை விட்டுவிட்டு மொச்சைக்குத்தான் அடித்துக்கொள்வோம், அந்தப் புளியும் கருவாட்டு உப்பும் இறங்கிய மொச்சைக்கு ஈடாக இன்றுவரை நான் எதையும் சாப்பிட்டதில்லை. பிரியாணிக்குத் தொட்டுக்கொள்ளத் தருகிற தால்ச்சாவில் கறி எலும்போடு பருப்பு கரைந்துகிடக்கிறது. கோவைப் பக்கம் பச்சைப்பயறும் கொள்ளும் கடைந்து சோற்றில் பிசைந்து சாப்பிடுகிறார்கள். தட்டைப்பயறு, அதுதான் சென்னையில் காராமணி, அதைப் போட்டுக் காரக்குழம்பு வைக்காத ஊர் தெற்கே உண்டா? இதெல்லாம் கிராமத்தில் இருந்தது, நகரத்துக்கு வந்து வேலை, நேரம், கேஸ் சிலிண்டர் என்று ஆனபிறகு ஒவ்வொன்றாக நின்றுபோனது. ராத்திரி ஊறப்போட மறந்தால் காலையில் பயறு கிடையாது, தக்காளிச் சட்னிதான். இதற்காக யாரையும் குறை சொல்ல முடியாது.

சரி, நம் சென்னையே இப்படிச் சாப்பிட வேண்டும் என்று ஆசைப்பட்டீர்கள். ஒரு நகரத்தையே எப்படி மாற்றுவது? பெல்ஜியத்தில் கென்ட் என்று ஒரு நகரம், 2009 மே மாதத்திலிருந்து வியாழக்கிழமையை அங்கே காய்கறி நாளாக வைத்திருக்கிறார்கள். யாருக்கும் கட்டாயம் கிடையாது. நியூயார்க்கில் 2022இலிருந்து 11 பொது மருத்துவமனைகளிலும் உள்நோயாளிகளுக்கு முதலில் சொல்கிற சாப்பாடே பயறும் காய்கறியும் கொண்டதுதான். கறி வேண்டும் என்று கேட்டால் கறி தருகிறார்கள். உபதேசம் இல்லை, பயறு முன்னால் நிற்கிறது, அவ்வளவுதான்.

நான் முன்பு வேலை பார்த்த இடத்தின் கேன்டீனில் இதையே கண்ணால் பார்த்தேன். சாப்பாட்டு வரிசையில் கடைசியில் வைத்திருந்த சுண்டல் தினமும் மிஞ்சும். சமையல்காரர் ஒருநாள் அதை நாலு மணிக்கு டீ கவுண்டரில், பஜ்ஜிக்குப் பக்கத்தில், மாங்காயும் தேங்காயும் தூவிச் சின்னக் கிண்ணத்தில் வைத்தார். அரைமணி நேரத்தில் காலி. மெரினாவில் பட்டாணி சுண்டலை யாராவது ஆரோக்கியத்துக்காகவா வாங்குகிறோம்? வாசனை வந்தது, பசித்தது, வாங்கினோம்.

நீங்களும் அங்கிருந்தே ஆரம்பியுங்கள். சனிக்கிழமை சாயங்காலம் பிள்ளைகள் விளையாடுகிற நேரத்துக்குக் குடியிருப்பு வாசலில் ஒரு பாத்திரம் சுண்டல். மூன்று வாரம் கழித்துத் தெருமுனை டீக்கடைக்காரரிடம் பேசுங்கள், வடை வைக்கிற கண்ணாடிப் பெட்டியில் ஒரு தட்டு இடம் கேளுங்கள். அப்புறம் உங்கள் வார்டு ஏரியா சபைக் கூட்டத்தில் ஒரு கோரிக்கை வையுங்கள்: 2013இலிருந்து நடக்கிற அம்மா உணவகங்களில் இட்லியும் சாம்பார் சாதமும் தயிர் சாதமும் தருகிறார்கள், பசியாற்றுகிற பெரிய காரியம் அது, அதோடு ஒரு கிண்ணம் பயறும் சேர்த்தால் கட்டட வேலைக்குப் போகிறவர்களுக்கு மதியம் வரை உடம்பு தாங்கும். சத்துணவில் நம் பிள்ளைகளுக்குக் கொண்டைக்கடலையும் பச்சைப்பயறும் கொடுக்கிற அரசுதான், பெரியவர்களுக்கும் கேட்டால் தப்பில்லை.

'வாயு' என்று நிச்சயம் சொல்வார்கள். அதைச் சிரித்துத் தள்ளாதீர்கள், அது உண்மையான தொந்தரவு. பயறில் இருக்கும் சில வகைச் சர்க்கரைகள் நம் குடலில் செரிக்காமல் பெருங்குடலுக்குப் போய், அங்கே இருக்கும் கிருமிகள் அதைத் தின்று காற்றை உண்டாக்குகின்றன. எட்டு மணி நேரமாவது ஊறவைத்து, ஊறின தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் குழைய வேகவைத்தால் கணிசமாகக் குறையும். பழக்கமில்லாதவர்கள் அரைக் கரண்டியில் ஆரம்பித்து இரண்டு மூன்று வாரத்தில் மெல்லக் கூட்டட்டும். ராஜ்மாவை மட்டும் பொதுவில் செய்ய வேண்டாம், அது அரைவேக்காடாக இருந்தால் வாந்தி பேதி ஆகிவிடும், வீட்டில் செய்தாலும் ஊறவைத்துப் பத்து நிமிடமாவது தளதளவென்று கொதித்தாக வேண்டும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் எவ்வளவு பயறு சாப்பிடலாம் என்பதை அவர்களுடைய மருத்துவர்தான் சொல்ல வேண்டும், நீங்கள் வற்புறுத்தாதீர்கள்.

முதல் சனிக்கிழமைக்கு 100 பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள், மூன்று கிலோ கறுப்புக் கொண்டைக்கடலை போதும், வெந்தால் இரண்டு மடங்குக்கு மேல் ஆகிவிடும். வெள்ளிக்கிழமை ராத்திரி படுக்கப் போகும்முன் ஊறப்போட்டுவிடுங்கள். உங்கள் ஒரு குக்கரில் இத்தனையும் வேகாது. கீழ்வீட்டு அக்காவிடம் அவருடைய பெரிய குக்கரைக் கேளுங்கள், தாளிப்புக்கு என்ன போடலாம் என்றும் அவரையே கேளுங்கள்.