வீட்டில் ஒலிப்பதிவு: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: எங்களுடையது சீமெந்து வீடு. பத்தடிக்குப் பத்தடி அறையில் பாடிப் பதிந்தால் குரல் கிணற்றுக்குள் இருந்து வருவது மாதிரிக் கேட்கிறது. சுவரில் முட்டை மட்டை ஒட்டினால் சரிவருமா? (வாசகி, சுன்னாகம்)

பதில்: வராது. முட்டை மட்டை மெல்லியது. 'ஸ்', 'ச்' போன்ற கீச்சொலிகளில் கொஞ்சத்தைத்தான் குறைக்கும். குரலின் கனமான பகுதி அப்படியே சுவரில் பட்டுத் திரும்பும். தீப்பிடிக்கக்கூடிய பொருளும்கூட.

முதலில் அறை நடுவில் நின்று ஒருதரம் கை தட்டுங்கள். தட்டிய பிறகு 'டிர்ர்' என்று சத்தம் இழுபட்டால், எதிரெதிரே இருக்கும் இரண்டு வெறுஞ்சுவர்களுக்கு நடுவே ஒலி ஓடித் திரிகிறது என்று அர்த்தம். இரண்டில் ஒன்றை மூடினாலே பெரும்பாலும் அடங்கிவிடும். தடித்த போர்வையைச் சுவரோடு ஒட்டாமல், நாலு அங்குலம் தள்ளிக் கொடி கட்டித் தொங்கவிடுங்கள். அந்த இடைவெளியால் இன்னும் தாழ்ந்த ஒலிகளும் பிடிபடும்.

பலர் மைக்குக்குப் பின்னால்தான் மெத்தையை நிறுத்துகிறார்கள். கார்டியோயிட் மைக் (முன்பக்க ஒலியை அதிகம் பிடிக்கும் வகை) பின்பக்கத்தை அதிகம் கேட்பதில்லை. அது கேட்பது உங்களையும் உங்கள் முதுகுக்குப் பின்னால் உள்ள சுவரையும். ஆகவே ஒரு மெத்தைதான் இருக்கிறது என்றால் அது உங்கள் முதுகுப் பக்கம் நிற்கட்டும். உடுப்பு நிறைந்த அலுமாரியைத் திறந்து வைத்து, அதற்கு முதுகு காட்டிப் பாடினாலும் பலன் உண்டு.

சதுர அறைக்கு இன்னொரு கெடுதி: நீளமும் அகலமும் ஒன்றென்பதால் 56 ஹெர்ட்ஸிலும் (வினாடிக்கு 56 அதிர்வு) அதன் மடங்குகளான 112, 169-இலும் ஒலி இரட்டிப்பாக வீங்கும். அறையின் நட்டநடுவிலும் மூலையிலும் மைக்கை வைக்காதீர்கள். வாய்க்கும் மைக்குக்கும் 15 முதல் 20 சென்ரிமீற்றர் இருக்கட்டும். அதைவிடக் கிட்டப் போனால் அடிக்குரல் தடித்துவிடும்.

மின்விசிறியை நிறுத்திவிட்டுப் பதியுங்கள். பாட்டுப் போட்டுக்கொண்டு பாண் விற்க வரும் ஓட்டோவும் கோயில் ஒலிபெருக்கியும் ஓய்ந்த பிறகு தொடங்குவதுதான் புத்தி. பாட்டுக்கு நடுவே விழுந்த பாண் ஓட்டோவின் இசையை மென்பொருளால் சுத்தமாக எடுப்பது கஷ்டம்.

கேள்வி: லப்டொப்புக்கு சார்ஜரைப் போட்டவுடன் ஸ்பீக்கரில் 'ம்ம்' என்று இரைகிறது. (வாசகர், கைதடி)

பதில்: சார்ஜரைக் கழற்றி பற்றரியில் ஓடவிடுங்கள். இரைச்சல் நின்றால் அது எர்த் வழியாக வருவது. லப்டொப், இன்டர்ஃபேஸ் (மைக்கையும் ஸ்பீக்கரையும் லப்டொப்போடு இணைக்கும் பெட்டி), ஸ்பீக்கர் மூன்றையும் ஒரே எக்ஸ்ரென்ஷனில் செருகுங்கள். ஸ்பீக்கருக்கு பலன்ஸ்ட் கேபிள் (வழியில் சேரும் இரைச்சலைத் தள்ளிவிடும் வகை) போடுங்கள். எர்த் பின்னை வெட்டுகிற வேலை மட்டும் வேண்டாம், உயிர் ஆபத்து.

கேள்வி: தவிலுக்கு இரண்டு மைக் வைத்துப் பதிந்தோம். வலந்தலை (கையால் வாசிக்கும் முகம்) தனியாக நன்றாக இருக்கிறது, தொப்பியும் (கம்பால் அடிக்கும் முகம்) நன்றாக இருக்கிறது. சேர்த்துக் கேட்டால் அடி மெலிந்து போகிறது. (வாசகர், இணுவில்)

பதில்: இரண்டு முகம் உள்ள எந்த வாத்தியத்துக்கும் வரும் பிரச்சினைதான். தொப்பியில் கம்பு விழும்போது அந்தத் தோல் உள்ளே போகும். உள்ளிருக்கும் காற்று தள்ளுவதால் மறுமுகத் தோல் வெளியே வரும். ஒரு மைக் அமுக்கத்தைப் பதியும் அதே கணத்தில் மற்றது அதற்கு எதிரானதைப் பதிகிறது. கூட்டினால் தாழ் ஒலிகள் ஒன்றையொன்று தின்றுவிடும்.

மென்பொருளில் ஒரு ட்ராக்கின் போலாரிட்டி பட்டனை (அலையைத் தலைகீழாக்குவது) அமத்துங்கள். வட்டத்தில் குறுக்குக் கோடு போட்டிருக்கும். மொனோவில், அதாவது இடம் வலம் பிரியாமல் ஒன்றாகச் சேர்த்து, கேளுங்கள். எந்த நிலையில் தொப்பி கனக்கிறதோ அதுவே சரி. கண்ணால் அலையைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள்.

கெயினை (பதியும் ஒலியின் அளவை) சும்மா தட்டிப் பார்த்து வைக்கக் கூடாது. தனி ஆவர்த்தனத்தின் உச்சத்தில் அடிப்பதுபோல் அடிக்கச் சொல்லி, அப்போது மீற்றர் -12 டெசிபலில் (0 தான் எல்லை) நிற்குமாறு வையுங்கள். 24 பிட்டில் பதிந்தால் அந்த அளவே தாராளம். வாசித்துச் சூடேறியதும் வித்துவானின் கை இன்னும் பலக்கும். உச்சி வெட்டுப்பட்டுப் பதிந்தால் மிக்ஸிங்கில் முழுதாகத் திருத்துவது கஷ்டம்.

கேள்வி: ஹெட்ஃபோனில் அருமையாக இருக்கிற மிக்ஸ், போனில் போட்டால் பேஸ் (தாழ் ஒலி) காணாமற் போய், குரலும் தம்புராவுக்குள் புதைந்துவிடுகிறது. (வாசகி, மானிப்பாய்)

பதில்: போனின் சின்ன ஸ்பீக்கரில் 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே அனேகமாக ஒன்றும் கேளாது. பேஸைக் கூட்டிப் பயனில்லை. லேசான சச்சுரேஷன் (ஒலியைச் சற்றே சிதைக்கும் கருவி) போட்டால் அந்தத் தாழ் ஒலியின் மேல் மடங்குகள் பிறந்து, போனிலும் பேஸ் இருப்பது தெரியும். குரலையும் ஏற்ற வேண்டாம். தம்புராவில் 2000 முதல் 3000 ஹெர்ட்ஸ் வரை இரண்டு மூன்று டெசிபல் குறையுங்கள், குரலுக்கு இடம் வரும். சத்தத்தை நன்றாகக் குறைத்துவைத்து மொனோவில் கேட்கும்போதும் சொல் விளங்கினால் மிக்ஸ் தேறிவிட்டது.

கேள்வி: யூடியூப்பில் ஏற்றுவதற்கு எவ்வளவு சத்தமாக முடிக்கலாம்? (வாசகர், சாவகச்சேரி)

பதில்: கிட்டத்தட்ட -14 லஃப்ஸ் (LUFS, காதுக்குக் கேட்கும் சராசரிச் சத்தத்தின் அளவு) போதும், உச்சி -1 டெசிபலைத் தாண்டக் கூடாது. அதற்கு மேல் நசுக்கி ஏற்றினால் யூடியூப்பே குறைத்துவிடும். நசுங்கியது மட்டும் மிஞ்சும்.