ஆண்மை ஊசி போட்டேன், விந்தணு எங்கே போனது?

கேள்வி: கலியாணம் முடித்து இரண்டு வருஷம். ஜிம்மில் ஒருவர் சொன்னதைக் கேட்டு எட்டு மாதமாக வாரம் ஒரு டெஸ்டோஸ்டிரோன் ஊசி போடுகிறேன். உடம்பு நன்றாக ஏறிவிட்டது. ஆனால் விந்துப் பரிசோதனையில் விந்தணு ஒன்றுகூட இல்லையாம். ஆண்மைக்கான ஹோர்மோனைத்தானே போட்டேன்? மனிசி பிள்ளை வேண்டிக் கந்தசஷ்டி விரதம் பிடிக்கிறா, ஊசி விஷயம் அவவுக்குத் தெரியாது. (31 வயது, கோப்பாய்)

பதில்: தம்பி, முதலில் சந்தேகப்பட வேண்டியது அந்த ஊசியைத்தான்.

ஏஎல்லில் பயோ படித்திருந்தால் கபச்சுரப்பி ஞாபகம் இருக்கும். மூளைக்கு அடியில் இருக்கிற அந்தச் சின்னச் சுரப்பி எல்எச், எஃப்எஸ்எச் என்று இரண்டு ஹோர்மோன்களை அனுப்பும். எல்எச் போய் விதைக்குள்ளேயே டெஸ்டோஸ்டிரோனைச் சுரக்க வைக்கும், எஃப்எஸ்எச் விந்தணுவை வளர்த்தெடுக்கும் கலங்களை வேலை வாங்கும். விதைக்குள் இருக்கும் டெஸ்டோஸ்டிரோன் இரத்தத்தில் இருப்பதைவிடப் பல மடங்கு அதிகம், அந்த அளவு இருந்தால்தான் விந்தணு ஒழுங்காக உருவாகும். வீட்டுத் தண்ணீர்த் தாங்கியை நினைத்துப் பாருங்கள். பவுசரில் கொண்டுவந்து தாங்கியை நிரப்பிவிட்டால் கிணற்று மோட்டர் தானாக நின்றுவிடும், ஆனால் அதே மோட்டரில் இறைபடுகிற தோட்டம் காய்ந்துபோகும். ஊசியால் இரத்தத்தில் அளவு கூடியதும் மூளை ‘போதும்’ என்று எல்எச்சையும் எஃப்எஸ்எச்சையும் அடக்கிவிடுகிறது, அதனால் விதைக்குள் டெஸ்டோஸ்டிரோன் வற்றி விந்தணு உருவாவதும் நின்றுபோகிறது. இதே காரணத்துக்காகத்தான் வாராந்த டெஸ்டோஸ்டிரோன் ஊசியை ஆண்களுக்கான கருத்தடையாகவே உலக சுகாதார நிறுவனம் பரிசோதித்து, 1990 இல் முடிவையும் வெளியிட்டது. நீங்கள் தெரியாமல் எட்டு மாதம் கருத்தடை செய்திருக்கிறீர்கள்.

சரி, இனி என்ன? அடுத்த ஊசி வேண்டாம். நிறுத்தினால் சில காலம் களைப்பு, மனச்சோர்வு, ஆசைக் குறைவு வரலாம், அதற்குப் பயந்து திரும்பப் போடவும் வேண்டாம், ஜிம்மில் ‘திரும்பக் கொண்டுவரும்’ குளிசை தருவார்கள், அதையும் வாங்காதீர்கள். டொக்டரிடம் போங்கள். எல்எச், எஃப்எஸ்எச், டெஸ்டோஸ்டிரோன் மூன்றையும் பார்ப்பார்கள். முதல் இரண்டும் அடியில் கிடந்தால் பெரும்பாலும் ஊசியின் வேலைதான். எஃப்எஸ்எச் கூடியிருந்தால் குறை விதையிலேயே இருக்கலாம், அது வேறு வைத்தியம். ஒரு விந்தணு உருவாகி வெளியே வர ஏறக்குறைய மூன்று மாதம் எடுக்கும், அதனால் அடுத்த மாதமே ரிப்போர்ட்டில் மாற்றம் தேடாதீர்கள். அநேகமானவர்களுக்கு ஆறு மாதம், ஒரு வருஷத்துக்குள் திரும்பி வரும், சிலருக்கு இன்னும் நாளாகும்.

அப்புறம், மனிசி விஷயம். பிள்ளை பிந்தினால் எங்கட ஊரில் எல்லோரும் முதலில் பொம்பிளையைத்தான் பார்ப்பார்கள், அவ வெறும் வயிற்றோடு விரதம் பிடிக்கிற நேரத்தில் நீங்கள் இதை மறைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. இன்றைக்கே சொல்லுங்கள். டொக்டரிடம் போகும்போது அவவையும் கூட்டிக்கொண்டு, அந்த ஊசிக் குப்பியையும் எடுத்துக்கொண்டு போங்கள், அதில் எழுதியிருக்கிற மருந்தின் பெயரும் மில்லிகிராம் அளவும் அவருக்குத் தேவைப்படும்.