துரு பிளக்கின் எந்தப் பக்கம்?

கேள்வி: என் படகில் நான்கு சிலிண்டர் பெட்ரோல் அவுட்போர்டு எஞ்சின். மூன்றாவது ஸ்பார்க் பிளக் மட்டும் துருப்பிடிக்கிறது. புதிது போட்டால் சில வாரங்களில் மறுபடியும் அதே கதை. காலையில் ஸ்டார்ட் செய்யும்போது முதலில் தடுமாறி, பிறகு சரியாகிவிடுகிறது. உப்புக்காற்றுதான் காரணமா? துருப்பிடிக்காத பிளக் கிடைக்குமா?

பதில்: பிளக்கைப் பிறகு பார்ப்போம். துரு எந்தப் பக்கம் இருக்கிறது என்பதை நீங்கள் எழுதவில்லை. அதில்தான் எல்லாமே இருக்கிறது.

பிளக்கை மாட்டிய நிலையில் வெளியே தெரியும் அறுகோணப் பகுதியில் துருவோ, மேல்முனையில் பச்சைப் பூப்போ இருந்தால் உப்புக்காற்றைக் குறை சொல்லலாம். எஞ்சின் மூடியின் ரப்பர் பட்டை தளர்ந்திருக்கும், அல்லது அந்த ஒரு பிளக்கின் ரப்பர் தொப்பி வெடித்திருக்கும். தொப்பியை மாற்றி, உள்ளே மின்கடத்தா கிரீஸ் கொஞ்சம் தடவினால் வேலை முடிந்தது. வெள்ளைப் பீங்கானில் இரும்பு விளிம்பை ஒட்டிப் பழுப்பு வளையம் தெரிந்தால் அதைத் துரு என்று எண்ணிவிடாதீர்கள். உயர் மின்னழுத்தம் காற்றிலுள்ள எண்ணெய்த் துகள்களை இழுத்து ஒட்டவைத்த கறை அது. அதனால் கெடுதல் இல்லை. அதைப் பார்த்து நல்ல பிளக்கைத் தூக்கி எறிபவர்கள் நிறையப் பேர்.

ஆனால் நீங்கள் சொல்லும் காலைத் தடுமாற்றம் எனக்கு வேறொன்றைச் சொல்கிறது. துரு மின்முனைகளிலும் கீழ்ப்பக்க மரையிலும் இருக்கும் என்றே நினைக்கிறேன். அப்படியானால் சிலிண்டருக்குள் தண்ணீர் வருகிறது. ஓடும் எஞ்சினில் சூடு ஈரத்தை விரட்டிவிடும். நிறுத்தியபின், இரவெல்லாம் நிற்கும்போதுதான் துரு ஏறும்.

இதைச் சோதிக்கக் கருவி வேண்டாம். நன்றாக ஓட்டி நிறுத்துங்கள். மறுநாள் ஸ்டார்ட் செய்வதற்கு முன்பே நான்கு பிளக்குகளையும் கழற்றி வரிசை மாறாமல் வையுங்கள். மூன்றாவதில் நீர்த்துளி நிற்கிறதா? பிளக் துளை வழியே டார்ச் அடித்துப் பிஸ்டன் தலையைப் பாருங்கள். மற்றவை கரி படிந்திருக்க, இது மட்டும் கழுவிவிட்டதுபோல் பளிச்சென்றிருந்தால் நீராவி வேலை செய்திருக்கிறது.

நான்குமே துருப்பிடித்திருந்தால் பெட்ரோலில் தண்ணீர் என்று சந்தேகிப்பேன். எரிபொருள் ஃபில்டரில் இருப்பதைக் கண்ணாடிப் புட்டியில் ஊற்றி வைத்தால் தண்ணீர் அடியில் தங்கிவிடும். அடுத்தடுத்த இரண்டில் மட்டும் என்றால் அவற்றுக்கு நடுவே ஹெட் கேஸ்கட் (சிலிண்டர்களுக்கும் மேல்மூடியான ஹெட்டுக்கும் இடையிலுள்ள அடைப்புத் தகடு) போயிருக்கலாம். ஒவ்வொரு முறையும் வேறு வேறு சிலிண்டர் என்றால், எஞ்சின் நிற்கும்போது எந்த வால்வு திறந்திருக்கிறதோ அதன் வழியே ஈரக்காற்று நுழைகிறது. உங்களுக்கு எப்போதும் மூன்றாவதுதான். அதனால் எஞ்சினைக் குளிர்விக்கும் நீர் உள்ளே கசிய வழிவிடுவது ஹெட் கேஸ்கட், இல்லாவிட்டால் அந்த இடத்தில் உலோக வெடிப்பு.

உறுதி செய்ய கம்ப்ரஷன், அதாவது பிஸ்டன் காற்றை அமுக்கும்போது சிலிண்டரில் ஏறும் அழுத்தம், பார்க்கலாம். இக்னிஷனைத் துண்டித்து, எல்லாப் பிளக்குகளையும் கழற்றி, த்ராட்டிலை முழுதாகத் திறந்து வைத்து ஸ்டார்ட்டரால் எஞ்சினைச் சுற்றுங்கள். மூன்றாவது மட்டும் மற்றவற்றைவிட 10–15 சதவீதத்துக்கு மேல் குறைந்தால் விடை கிடைத்துவிட்டது. அளவு சரியாக வந்தாலும் நிம்மதி அடைய வேண்டாம். மயிரிழைக் கசிவு இதில் தப்பிவிடும். பிஸ்டனைக் கம்ப்ரஷன் உச்சியில் நிறுத்திப் பிளக் துளை வழியே காற்றைச் செலுத்தும் கசிவுச் சோதனை இன்னும் நம்பகமானது. குளிர்நீர்ப் பாதையில் காற்று சீறினால் மெக்கானிக்கிடம் வேறு விளக்கம் தேவையில்லை.

அதுவரை ஒரு எச்சரிக்கை. சிலிண்டரில் நீர் தேங்கியிருக்கும்போது பிளக்கை மாட்டியபடி ஸ்டார்ட்டரை அழுத்தாதீர்கள். தண்ணீர் சுருங்காது, பிஸ்டனைத் தள்ளும் தண்டான கனெக்டிங் ராடுதான் வளையும்.

துருப்பிடிக்காத பிளக் பற்றி: முலாம் பூசியவை வெளித்துருவைத் தள்ளிப்போடும், உள்ளே வரும் தண்ணீரை நிறுத்தாது. எஞ்சின் கையேடு சொல்லும் எண்ணையே வாங்குங்கள். 14 மி.மீ. மரையுள்ள புதிய பிளக்கைக் கையால் இறுகும்வரை திருகி, வாஷர் நசுங்க இன்னும் அரைச் சுற்று முதல் மூன்றில் இரண்டு சுற்று வரை திருகினால் போதும். கையேட்டில் டார்க் (இறுக்கும் விசை) அளவு இருந்தால் அதைப் பின்பற்றுங்கள். முலாம் பூசிய மரையில் கிரீஸ் தடவ வேண்டாம். வழுக்கி, தெரியாமலேயே அதிகமாக இறுகி, அலுமினிய ஹெட்டின் மரை போய்விடும்.