கை வலிக்குக் காரணம் பேனாவா, பிடியா?

கேள்வி: வங்கி வேலையில் இருந்து ஓய்வு பெற்ற பிறகு தினமும் மூன்று நான்கு பக்கம் எழுதுகிறேன். முப்பது வருடம் பால்பாயிண்டில் ஓடிய கை இது. அறுபதாம் கல்யாணத்துக்கு மகன் விலை உயர்ந்த பித்தளை ஃபவுண்டன் பேனா வாங்கிக் கொடுத்தான். ஒரு பக்கம் எழுதுவதற்குள் கட்டைவிரல் வலிக்கிறது. இதைவிட நல்ல கம்பெனிப் பேனா வாங்கினால் சரியாகுமா? எது சிறந்தது?
– ஒரு வாசகர், கும்பகோணம்

பதில்: உங்கள் கடிதத்தை அந்தப் பேனாவிலேயே எழுதியிருக்கிறீர்கள். படித்து முடித்ததும் தாளைத் திருப்பிப் பின்பக்கத்தை விரலால் தடவிப் பார்த்தேன். வரிக்கு வரி மேடு தட்டுகிறது. சில இடங்களில் கீழே இறங்கும் கோடு இரண்டாகப் பிரிந்து நடுவில் வெள்ளை தெரிகிறது. நிப்பின் இரண்டு கால்களும் விரியும் அளவுக்கு அழுத்தினால் அப்படித்தான் வரும். இதைவிடப் பத்து மடங்கு விலையில் வாங்கினாலும், இதே அழுத்தத்தில் எழுதினால் இதே விரல் இதே இடத்தில் வலிக்கும். ஆகவே கம்பெனிப் பேச்சைக் கொஞ்சம் தள்ளி வைப்போம்.

பால்பாயிண்டில் இருப்பது பசை மாதிரியான எண்ணெய் மை. முனையில் உள்ள குண்டு உருண்டால்தான் அது தாளில் ஒட்டும். உருள வேண்டுமானால் அழுத்த வேண்டும், பேனாவை நிமிர்த்திப் பிடிக்கவும் வேண்டும். போதாததற்கு நீங்கள் கார்பன் தாள் வைத்து எழுதிய தலைமுறை. ஃபவுண்டன் பேனாவின் மை தண்ணீர் போன்றது. விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவது போல, நிப்பின் நடுவில் இருக்கும் பிளவு வழியாக அது தானாக முனைக்கு வந்து நிற்கும். முனை தாளைத் தொட்டால் போதும், பேனாவின் எடையே எழுதிவிடும். உங்கள் விரல்களுக்கு மிச்சம் இருப்பது அதை வழிநடத்துகிற வேலை மட்டும்தான்.

அதனால் புதுப் பேனா வாங்கும் முன் பத்து நாள் இதைச் செய்து பாருங்கள். எழுதும்போது மூடியைப் பின்னால் செருகாதீர்கள். பித்தளை மூடி பின்னால் ஏறினால் பேனா பின்பக்கம் சாயும். சாய்வதைத் தடுக்கத்தான் கட்டைவிரல் இறுக்கிப் பிடிக்கிறது. நானும் பல வருடம் மூடியைச் செருகி எழுதியவன்தான். மெய்ப்புத் திருத்தும் நாட்களில் மாலையானால் மணிக்கட்டு வரை கடுக்கும். மூடியை மேசையில் வைக்கப் பழகிய பிறகுதான் அது நின்றது. அப்புறம், பேனாவைக் கொஞ்சம் சாய்த்து, நிப்புக்கு அருகில் பிடிக்காமல் சற்றுப் பின்னால் பிடியுங்கள். நிப்பின் பிளவு மேலே பார்த்திருக்கட்டும். பேனா கையில் உருண்டு திரும்பினால் ஒரு கால் மட்டும் தாளில் படும், கீறும். கீறினால் நீங்கள் மறுபடி அழுத்துவீர்கள்.

பத்து நாளுக்குப் பிறகு தாளின் பின்பக்கத்தைத் தடவிப் பாருங்கள். மேடு போயும் வலி இருந்தால் பேனா உங்களுக்குக் கனம் என்று அர்த்தம். அப்போது மாற்றுங்கள்.

விலை உயர்ந்த உலோகப் பேனாக்களில் பல, கையெழுத்துப் போடுகிறவர்களை மனதில் வைத்துச் செய்தவை. பையில் இருந்து எடுக்கும்போது கனமாக, கம்பீரமாக இருக்க வேண்டும் என்பது அவற்றின் கணக்கு. பக்கம் பக்கமாக எழுதுகிற கைக்கு அது ஆகாது. தினசரி எழுத்துக்கு நான் தயங்காமல் சொல்லும் இரண்டு பேனாக்களும் பிள்ளைகளுக்காக உருவானவை. ஜெர்மனியின் லாமி சஃபாரி, 1980இல் பள்ளிப் பிள்ளைகளுக்காக வந்தது. ஜப்பானின் பைலட் ககுனோ, குழந்தைகள் எழுதிப் பழகுவதற்கென்றே செய்தது. அதன் நிப்பில் ஒரு சிரித்த முகம்கூட இருக்கும். இரண்டும் பிளாஸ்டிக், இரண்டும் எடை குறைவு. நாள் முழுக்க எழுதுகிறவர்கள் யார்? பள்ளிப் பிள்ளைகள்தானே. அவர்கள் கைக்கு இதமானது உங்கள் கைக்கும் இதம்தான். ஒன்று மட்டும் கவனியுங்கள். சஃபாரியின் பிடியில் விரலுக்கென்று சமமாகச் சீவிய பட்டைகள் உண்டு. உங்கள் விரல் அந்தப் பட்டையில் இயல்பாக உட்காராவிட்டால் விளிம்பு உறுத்தும், விட்டுவிடுங்கள்.

மெலிந்த பேனாவைவிடக் கொஞ்சம் பருமனானது நல்லது. பிடிக்கும் இடம் 10 முதல் 12 மில்லிமீட்டர் விட்டம் இருந்தால் விரல்கள் இறுக்க வேண்டியிருக்காது. நம் ஊரிலேயே அதற்கு அருமையான வழி இருக்கிறது. திருவள்ளூர் ரங்கா, சென்னை காமா போன்றவர்களின் எபோனைட் பேனாக்கள். எபோனைட் என்பது கந்தகம் சேர்த்துக் கெட்டியாக்கிய ரப்பர். உலோகம் மாதிரிச் சில்லிடாது. நம் வெயிலில் வியர்த்த விரலிலும் வழுக்குவது குறைவு. அதைக் கடைசலில் கடைந்து செய்கிறார்கள். ராஜமுந்திரி ரத்னம் பேனாவும் இந்த மரபுதான். முழுக்க உள்நாட்டிலேயே செய்த அந்தப் பேனா கிடைத்ததும் காந்தி 1935இல் பாராட்டிக் கடிதம் எழுதினார். இப்பேனாக்கள் பலவற்றில் உடம்புக்குள்ளேயே நேராக மை ஊற்றலாம். மை கால்வாசிக்குக் கீழே போனால் கையின் சூட்டில் உள்ளே காற்று விரிந்து சொட்டு விழும். தீரும் வரை காத்திராமல் நிரப்பிவிட்டால் அந்தத் தொல்லை இல்லை.

நிப்பு விஷயத்தில் தமிழுக்குத் தனிக் கணக்கு. இணையத்தில் வரும் சிபாரிசுகள் பெரும்பாலும் ஆங்கில எழுத்தை வைத்துச் சொல்பவை. நமக்குச் சுழி அதிகம். ணகரத்திலும் ஞகரத்திலும் நிப்பை இழுப்பது பாதி, தள்ளுவது பாதி. கீறுகிற நிப்பு தள்ளும்போதுதான் மாட்டிக்கொள்ளும். பட்டையான நிப்பில் சுழிகள் மை நிறைந்து அடைந்துபோகும். ஐரோப்பியப் பேனா என்றால் ஃபைன், ஜப்பானியப் பேனா என்றால் மீடியம் வாங்குங்கள். ஜப்பான் அளவு ஒரு படி மெலிது என்பதால் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான்.

கடையில் நின்றுகொண்டு கையெழுத்துப் போட்டுப் பார்த்து வாங்காதீர்கள். கையெழுத்து எந்தப் பேனாவிலும் நன்றாகத்தான் வரும். உங்கள் நோட்டையே எடுத்துப் போங்கள், உட்கார இடம் கேளுங்கள். ‘மண்ணெண்ணெய்’, ‘ஞாயிற்றுக்கிழமை’ என்று அரைப் பக்கம் எழுதுங்கள். மையில் தொட்டு எழுத விடாத கடையில் வாங்கவே வேண்டாம்.

மைக்குப் பெரிய செலவு தேவையில்லை. பிரில், கேமல் ராயல் புளூ போதும். ஓவியத்துக்கு விற்கும் இந்தியன் இங்க் மட்டும் கூடவே கூடாது. அதில் உள்ள அரக்கு காய்ந்து, நிப்புக்கு அடியில் இருக்கும் கறுப்புக் கட்டையின் வழியை அடைத்துவிடும். மாதம் ஒரு தடவை சாதாரணத் தண்ணீரில் கழுவுங்கள், வெந்நீர் வேண்டாம்.

மகன் கொடுத்த பேனாவை அலமாரியில் பூட்டி வைக்காதீர்கள். தினமும் தேதி எழுதவாவது அதை எடுங்கள். மை காயாமல் இருக்கும். பேனா எதுவும் பிடிக்காத நேரத்திலும் கட்டைவிரல் வலித்தால் எனக்கு எழுத வேண்டாம், எலும்பு மருத்துவரிடம் காட்டுங்கள்.