ஒலிம்பிக் பதக்கம் வாங்கிய யூத வீரர்களையாவது நாஜிகள் விட்டுவைத்தார்களா?

பதக்கத்துக்காக யாரையும் விட்டுவைக்கவில்லை. பெர்லின்காரர்கள் இரண்டு பேரின் கதையைச் சொன்னாலே இது புரியும்.

முதலாமவர் ரூடி பால், ஐஸ் ஹாக்கி வீரர். ஆள் குள்ளம், ஐந்தடி நான்கு அங்குலம்தான். ஆனால் பனித்தரையில் அவரைப் பிடிக்க முடியாது. 1932 லேக் பிளாசிட் ஒலிம்பிக்கில் ஜெர்மனிக்கு வெண்கலம் வாங்கிக் கொடுத்த அணியில் இருந்தார். மறுவருடம் ஹிட்லர் ஆட்சிக்கு வந்ததும் நாட்டை விட்டுக் கிளம்பி, சுவிட்சர்லாந்திலும் மிலானிலும் ஆடினார். அவருடைய அப்பா யூதர். நாஜிச் சட்டத்தின் கணக்கில் 'அரை யூதர்'.

1936 குளிர்கால ஒலிம்பிக் ஜெர்மனியிலேயே, கார்மிஷில் நடந்தது. வெளிநாட்டார் வருகிறார்களே என்று 'யூதர்களுக்கு இங்கே இடமில்லை' பலகைகளை அவசரமாகக் கழற்றி வைத்தார்கள். ரூடிக்கு அணியில் இடமில்லை. அப்போது அணியின் பெரிய நட்சத்திரமான குஸ்டாவ் யேனிக்கே, "ரூடி இல்லையென்றால் நானும் இல்லை" என்று நின்றுவிட்டார். எனக்கு இந்தக் கதையிலேயே பிடித்த இடம் இதுதான். அந்தக் காலத்து ஜெர்மனியில் அப்படி நிற்பது சின்ன விஷயமா?

ரூடியைத் திரும்பக் கூப்பிட்டார்கள். தன் குடும்பம் நாட்டை விட்டு வெளியேற அனுமதி கிடைத்தால் வருகிறேன் என்று அவர் பேரம் பேசியதாகச் சொல்வார்கள். வந்து நான்கு ஆட்டம் ஆடினார், ஹங்கேரியுடன் ஆடும்போது அடிபட்டு உட்கார்ந்துவிட்டார். ஜெர்மனிக்குக் கிடைத்தது ஐந்தாம் இடம். அப்புறமும் பெர்லினிலேயே இருந்து, போருக்கு நடுவிலும் ஹாக்கி ஆடினார். 1948-ல் தென்னாப்பிரிக்கா போய், 1975-ல் அங்கேயே இறந்தார்.

சரி, இன்னொருவர்? ஆல்ஃபிரட் ஃப்ளாட்டோ. 1896 ஏதென்ஸில், முதல் நவீன ஒலிம்பிக்கிலேயே, ஜிம்னாஸ்டிக்ஸில் மூன்று தங்கமும் ஒரு வெள்ளியும் வாங்கியவர். ரூடி வாங்கிய வெண்கலத்தை இதன் பக்கத்தில் வைக்கவே முடியாது. ஆனால் ஃப்ளாட்டோவுக்கு வயதாகிவிட்டது. அவரை வைத்து உலகத்துக்குக் காட்ட நாஜிகளுக்கு ஒன்றும் இல்லை, 'அவர் இல்லாமல் ஆட மாட்டேன்' என்று சொல்ல ஒரு யேனிக்கேயும் இல்லை. 1942 அக்டோபரில், 73 வயதில், நாஜிகள் யூதர்களை அடைத்துவைத்த தெரேசியென்ஷ்டாட் முகாமுக்கு ரயிலேற்றினார்கள். மூன்று மாதம்கூடத் தாங்கவில்லை. டிசம்பரில் பட்டினியில் செத்தார். ஏதென்ஸில் அவரோடு சேர்ந்து தங்கம் வாங்கிய உறவினர் குஸ்டாவ் ஃபெலிக்ஸ் ஃப்ளாட்டோ, நெதர்லாந்துக்குத் தப்பிப் போயும் பிடிபட்டு, 1945 ஜனவரியில் அதே முகாமில் அதே பட்டினியில் இறந்தார்.

பெர்லின் ஒலிம்பிக் ஸ்டேடியத்துக்குப் பக்கத்தில் இன்று ஃப்ளாட்டோ பெயரில் ஒரு சாலை இருக்கிறது. அந்தப் பெயரை வைத்தது 1997-ல். அதுவரைக்கும் நாஜி காலத்துப் பெயரே ஒட்டிக்கொண்டிருந்தது.