பட்டறைக் கதவை யாருக்காகப் பூட்டினீர்கள்?

கேள்வி: எனக்கு வயது 39. கோவை கணபதியில் சின்ன லேத் பட்டறை வைத்திருக்கிறேன். மூன்று வருடமாக, கம்பெனிகளுக்குச் செய்து கொடுக்கும் ஜாப் ஒர்க்கைக் குறைத்துக்கொண்டு, தேங்காய் மட்டை உரிக்கும் இயந்திரம் ஒன்றைச் செய்து வருகிறேன். இதுவரை ஏழு மாடல் ஆகிவிட்டது. மனைவி தையல் வேலை செய்து வீட்டைப் பார்த்துக்கொள்கிறாள். ஆனால் அவளும் மாமனாரும் பழையபடி ஜாப் ஒர்க்கையே பார் என்று நச்சரிக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமையும் நான் பட்டறையில்தான். பத்து வயதுப் பையன் வந்தால் சாமானைக் கலைத்துவிடுவான் என்று உள்ளே தாழ் போட்டுக்கொண்டு வேலை செய்வேன். ஜி.டி.நாயுடு பிறந்த மண்ணில், கண்டுபிடிக்கிறவனுக்கு வீட்டிலேயே மதிப்பில்லை. இவர்களுக்கு எப்படிப் புரியவைப்பது?

பதில்: தம்பி, வீட்டில் யாருக்கும் என்னைப் புரியவில்லை என்று எழுதாத ஆண்கள் குறைவு. உங்கள் மனைவிக்குப் புரியவைக்க நான் வழி சொல்லப் போவதில்லை. மூன்று வருடமாகத் தையல் மிஷினை மிதித்துக் குடும்பத்தை ஓட்டுகிறவருக்கு உங்கள் நிலைமை நன்றாகவே புரிந்திருக்கும்.

நான் நின்றது தாழ்ப்பாள் போடும் அந்த வரியில். பையனுக்குக் கையில் அடிபட்டுவிடும் என்று எழுதியிருந்தால் பேசாமல் தாண்டிப் போயிருப்பேன். லேத் ஓடும் இடத்தில் பத்து வயதுப் பிள்ளைக்குக் காவல் வேண்டும்தான். ஆனால் நீங்கள் பயந்தது சாமானுக்கு. கலைத்துவிடுவான் என்கிறீர்கள். ஜி.டி.நாயுடு பெயரை எழுதிய அதே பேனாவால் இதை எழுத எப்படி மனசு வந்தது?

அவர் கதையின் ஆரம்பமே கலைப்பதில்தான் இருக்கிறது. 1893-ல் கலங்கல் கிராமத்தில் பிறந்தவர். பள்ளிக்கூடம் பிடிக்காத பையன். வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் ஓட்டி வந்த ரட்ஜ் மோட்டார் சைக்கிளைப் பார்த்து மயங்கி, அதை வாங்குவதற்காகவே கோயமுத்தூரில் ஓட்டலில் பரிமாறும் வேலைக்குப் போனார். காசு சேர்த்து வண்டியை வாங்கி வந்ததும் என்ன செய்தார்? அக்கக்காகப் பிரித்துப் போட்டு, மறுபடி பூட்டினார். அவர் தொழில் படித்தது அப்படித்தான். சாமான் கலைந்துவிடும் என்று அன்றைக்கு யாராவது பிடுங்கி வைத்திருந்தால், இன்று நீங்கள் சொல்லிக்கொள்ளப் பெயரே இருந்திருக்காது.

அப்புறம் இன்னொன்று. அவருக்கு வீட்டில் மதிப்பு இருந்ததா என்று கேட்கும் முன்னால், அவர் எந்த வரிசையில் வாழ்ந்தார் என்று பாருங்கள். 1920-ல் ஒரே ஒரு பஸ். அதைத் தானே ஓட்டினார், பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் நடுவே. அந்த ஒற்றை பஸ்ஸிலிருந்துதான் யு.எம்.எஸ். என்ற பஸ் கம்பெனி வளர்ந்தது. 1937-ல் டி.பாலசுந்தரத்தோடு சேர்ந்து இந்தியாவின் முதல் மின் மோட்டாரைச் செய்தபோது, பின்னால் பதினேழு வருடத் தொழில் நின்றது. ரேஸர், கெரசினில் ஓடும் விசிறி, பழம் பிழியும் கருவி, எழுபது ரூபாய்க்கு ரேடியோ என்று அவர் கை வைக்காத சாமான் இல்லை. 1952-ல் இரண்டு பேர் உட்காரும் காரை இரண்டாயிரம் ரூபாய்க்குத் தருகிறேன் என்றார். அரசு உரிமம் தரவில்லை, கார் நின்றுபோனது. அந்த இழப்பை அவரால் தாங்க முடிந்தது, தம்பி. தொழில் என்ற தூண் இருந்தது. நீங்கள் அந்த இடத்தில் உங்கள் மனைவியின் தையல் மிஷினை வைத்திருக்கிறீர்கள்.

தாழ்ப்பாளுக்கே வருகிறேன். அது பையனை மட்டும் வெளியே நிறுத்தவில்லை. உங்கள் கடிதத்தைத் திரும்பப் படித்துப் பார்த்தேன். ஏழு மாடல் இருக்கிறது, மனைவி, மாமனார், நாயுடு எல்லாரும் இருக்கிறார்கள். தேங்காய் உரிக்கிற ஆள் ஒருவரைக்கூடக் காணோம். உங்கள் பட்டறையிலிருந்து பொள்ளாச்சி என்ன தூரம்? அங்கே கொப்பரைக் களத்தில், தரையில் நட்ட கடப்பாரையில் மட்டையைக் குத்தித் திருகி, காலையிலிருந்து சாயங்காலம் வரை உரிக்கிறவர்கள் இருக்கிறார்கள். அதில் ஒருவராவது உங்கள் மெஷினில் கை வைத்தாரா? ஏழாவது மாடல் ஆறாவதைவிட நல்லது என்று யார் சொன்னது? தாழ் போட்ட அறைக்குள் நீங்களே சொல்லிக்கொண்டீர்கள்.

எடிசனும் முதலில் இதில்தான் இடறினார். 1869-ல், 22 வயதில், சட்டமன்றத்தில் ஓட்டுகளை நொடியில் எண்ணும் மின் கருவிக்குக் காப்புரிமை வாங்கினார். அதுதான் அவர் வாங்கிய முதல் காப்புரிமை. கருவி நன்றாகவே வேலை செய்தது. ஆனால் அரசியல்வாதிகளுக்கு அந்த வேகம் வேண்டவே வேண்டாம். ஓட்டெடுப்பு மெதுவாக நடந்தால்தானே நடுவில் பேரம் பேசி ஆளை இழுக்கலாம்! யாரும் வாங்காத சாமானுக்கு இனிமேல் உழைப்பதில்லை என்று முடிவு கட்டினார். பிறகு 1876-ல் மென்லோ பார்க்கில் ஆய்வுக்கூடம் போட்டபோது தனியாக உட்காரவில்லை. பேட்ச்லர், க்ரூசி என்று கைத்தேர்ச்சி உள்ள ஆட்களைச் சுற்றி வைத்துக்கொண்டார். அமெரிக்காவில் மட்டும் 1,093 காப்புரிமை அவர் பெயரில் வந்தது அந்தக் கூட்டத்தின் கைகளாலும்தான்.

அதே எடிசனின் வீட்டுப் பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன், உங்களைப் போன்றவர்கள் அதைப் படிப்பதில்லை. சிறுவன் எடிசனுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தவர் அவருடைய அம்மா நான்சி. வீட்டு நிலவறையில் ரசாயனப் புட்டிகளை அடுக்கி வைக்க அந்தப் பையனுக்கு இடம் கிடைத்தது. அவரே அப்பாவானபோது மூத்த பிள்ளைகள் இரண்டு பேருக்கும் தந்திக் குறியை வைத்து டாட், டாஷ் என்று செல்லப் பெயர் வைத்தார். பெயர் வைத்தாரே தவிர நேரம் தரவில்லை. இரவும் ஆய்வுக்கூடத்தில். முதல் மனைவி மேரி 1884-ல், முப்பது வயது ஆகும் முன்பே இறந்துபோனார். டாஷ் என்ற மகன் வளர்ந்து, அப்பாவின் அறிவும் பயிற்சியும் வாய்க்காமல், கையில் இருந்த ஒரே சொத்தை விற்றான். அது அப்பாவின் பெயர். போலி மருத்துவக் கருவி விற்ற கம்பெனி அந்தப் பெயரைப் போட்டு வியாபாரம் செய்தது. கடைசியில், இந்தப் பெயரை வியாபாரத்துக்குப் பயன்படுத்தாதே என்று வாரம் 35 டாலர் கொடுக்கும் நிலை அப்பாவுக்கு வந்தது. உலகத்துக்கே வெளிச்சம் கொடுத்த மனிதர், பெற்ற மகனோடு வக்கீல் வைத்துப் பேசினார். இதைப் படித்த நாளிலிருந்து எனக்கு அவர் மேல் பழைய பிரமிப்பு இல்லை. பிள்ளைக்குக் கைத்தொழில் காட்டாத தகப்பன் எத்தனை காப்புரிமை வாங்கினாலும் கடன்காரன்தான். நான் அப்படித்தான் நினைக்கிறேன்.

நாயுடு இதில் வேறு மாதிரி. ஊரார் பிள்ளைகள் கையில் கருவியைக் கொடுக்க வேண்டும் என்று 1945-ல் ஆர்தர் ஹோப் பெயரில் பாலிடெக்னிக் தொடங்க முன்னே நின்றார். நாலு வருடப் படிப்பு வீண், இரண்டு வருடம் போதும் என்று வாதாடி, மேலே இருந்தவர்கள் ஒத்துக்கொள்ளாததால் கல்லூரி முதல்வர் பதவியையே விட்டார். ஹோப் காலேஜ் ஸ்டாப்பில் பஸ் ஏறும்போதாவது அதை நினைத்துக்கொள்ளுங்கள்.

சரி, செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். நாளைக்கே ஜாப் ஒர்க்கை எடுங்கள். வாரத்தில் நாலு நாள் அதற்கு. அந்தப் பணம் நேராக மனைவி கைக்குப் போகட்டும், இயந்திரத்துக்கு அவர் பார்த்துக் கொடுப்பதுதான். வருகிற ஞாயிற்றுக்கிழமை ஏழாவது மாடலை டெம்போவில் ஏற்றி, பையனை முன் சீட்டில் உட்காரவைத்து, பொள்ளாச்சிப் பக்கம் ஒரு களத்துக்குப் போங்கள். உரிக்கிறவர் கையில் மெஷினைக் கொடுத்துவிட்டு நீங்கள் தள்ளி நில்லுங்கள். அவர் திட்டினால் பையனும் கேட்கட்டும்.

திரும்பி வந்ததும் பட்டறை மூலையில் கிடக்கிற எரிந்துபோன மோட்டார் ஒன்றை, ஸ்பேனரோடு பையனிடம் கொடுங்கள். லேத்தை அணைத்துவிட்டுப் பக்கத்திலேயே உட்காருங்கள். கழற்றிப் போட்டுவிட்டு எதை எங்கே மாட்டுவது என்று தெரியாமல் முழிப்பான். அவனாகக் கேட்கும்வரை நீங்கள் கை வைக்காதீர்கள்.